25 மீட்டரில் ஏன் இப்படி இரைக்கிறது? நீச்சல் ஏரோபிக் பயிற்சி ஆவது எப்படி

வாரம் மூன்று நாள் 5 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் நான் நீச்சல் குளத்தில் இறங்கினேன். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 25 மீட்டர். நடந்தால் முப்பத்தைந்து எட்டு, அரை நிமிடம்கூட ஆகாது. ஓடுகிறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்ற நினைப்பு.

முதல் 10 மீட்டர் ஜோராகப் போனது. அதற்குப் பிறகு தோள் கனத்தது. 20 மீட்டர் தாண்டியதும் சுவர் எங்கே என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கிய வேகத்தில் கால் கீழே போனது, வாயில் ஒரு மடக்கு தண்ணீர். மிச்சத்தை நீந்திக் கடந்தேன் என்று சொல்ல மாட்டேன், தண்ணீரோடு கட்டிப் புரண்டு கரை சேர்ந்தேன். சுவரைப் பிடித்தபடி இரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து லேனில் ஒருவர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், நல்ல தொப்பை, சாயங்கால நடை போகிறவர் மாதிரி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். நான் இறங்கும்போதே நீந்திக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போதும் நிற்கவில்லை.

அவருக்கு என்னைவிட நல்ல இதயம் இருந்திருக்கலாம். ஆனால் வித்தியாசம் அங்கே இல்லை. அவர் செய்துகொண்டிருந்தது ஏரோபிக் பயிற்சி, நான் செய்தது இல்லை. இரண்டு பேரும் நீந்தினோம் என்பது மட்டும்தான் பொது.

ஏரோபிக் என்றால் கூட்டமாகப் பாட்டு போட்டு ஆடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் அதில் ஒரு வகை. ஆனால் அந்தச் சொல் குறிப்பது, தசைகளுக்குச் சக்தி எப்படிக் கிடைக்கிறது என்பதை. உடம்பு இரண்டு வழிகளில் சக்தி தயாரிக்கிறது. ஒன்று, நாம் இழுக்கிற ஆக்ஸிஜனைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் நிதானமாக எரிப்பது. இதில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கலாம். இன்னொன்று, ஆக்ஸிஜன் வந்து சேரும் வரை காத்திருக்க நேரமில்லாதபோது, கையிருப்பில் உள்ளதை வைத்து அவசரமாகத் தயாரிப்பது. இது வேகமானது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் வழி ஏரோபிக். இரண்டாவது அனேரோபிக். எந்த நேரத்திலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்துகொண்டுதான் இருக்கும். எது ஓங்கியிருக்கிறது என்பதே கேள்வி.

எனவே ஏரோபிக் என்பது ஒரு விளையாட்டின் பெயர் இல்லை, ஒரு நிதானத்தின் பெயர். 50 மீட்டர் பந்தயத்தில் உயிரைக் கொடுத்து நீந்துகிற வீரர் பெரும்பாலும் இரண்டாவது வழியில் ஓடுகிறார். அவரே 1500 மீட்டர் நீந்தும்போது முதல் வழிக்கு வந்துவிடுகிறார். 1960களில் இந்தச் சொல்லை மக்களிடம் கொண்டுபோன அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், ஓட்டம், நடை, சைக்கிளோடு நீச்சலையும் இதில் சேர்த்தார். உடலின் பெரிய தசைகள் வேலை செய்ய வேண்டும், ஒரே தாளத்தில் செய்ய வேண்டும், நிற்காமல் சில நிமிடங்களாவது செய்ய வேண்டும். நீச்சலில் இவை எல்லாம் கூடி வருகின்றன, நீந்துகிறவர் அவசரப்படாத வரை.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை ஒரு நல்ல அளவுகோல். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சி செய்ய வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. ஐந்து நாள் அரை மணி நேரம் என்று வைத்தால் கீழ் எல்லை வந்துவிடும். நடையையும் நீச்சலையும் கலந்தும் செய்யலாம். வேலைக் கணக்கில் பார்த்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாவதைப்போல நான்கு மடங்கு சக்தி விறுவிறு நடையில் செலவாகும். குப்புறப் படுத்து கைகளை மாறி மாறி வீசுகிற ஃப்ரீஸ்டைலை மெதுவாக நீந்தினால் ஏறத்தாழ ஆறு மடங்கு. இரண்டு கைகளையும் ஒன்றாக வீசிப் பாய்கிற பட்டர்ஃப்ளை 13 மடங்கைத் தாண்டும். அதனால்தான் அந்த நீச்சலைத் தொடக்கக்காரர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, தரையில் ஓடுவதற்கும் தண்ணீரில் நீந்துவதற்கும் உடம்புக்கு என்ன வித்தியாசம்?

முதலில், கனம் போய்விடுகிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்கள் தாங்கும் எடை ஏறத்தாழ பாதியாகிவிடும். கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மூட்டு வலி உள்ளவர்களும் உடல் கனமானவர்களும் தண்ணீரில் நீண்ட நேரம் பயிற்சி செய்ய முடிவது இதனால்தான். ஓட்டத்தில் ஒவ்வொரு எட்டும் முழங்காலில் ஒரு அடி. நீச்சலில் அந்த அடியே கிடையாது.

இரண்டாவது, தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நாம் எந்தப் பக்கம் அசைந்தாலும் எதிர்த்துத் தள்ளும். இந்த எதிர்ப்பு வேகத்தோடு சேர்ந்து நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதைச் சமாளிக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் பக்கத்து லேன் பெரியவரின் ரகசியம் பாதி புரிந்துவிடும். ஓட்டத்தில் கொஞ்சம் வேகம் கூட்டினால் கொஞ்சம் கூடுதலாக இரைக்கும். தண்ணீரில் கொஞ்சம் வேகம் கூட்டினால் கணக்கே எகிறிவிடும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் அதே அளவுக்கு லாபம்.

மூன்றாவது, தண்ணீர் எல்லாப் பக்கமும் உடம்பை அழுத்துகிறது. கால்களில் தேங்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. படுத்த நிலையில் இருப்பதும் அதற்கு உதவுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்துக்கு நிறைய ரத்தம் வந்து சேர்வதால் அதே வேலைக்குக் குறைவான துடிப்பே போதும். தண்ணீரின் குளிர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். ஓட்டத்தில் எட்டுகிற உச்சத் துடிப்பைவிட நீச்சலில் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு குறைவாக இருப்பது வழக்கம். கைக்கடிகாரத்தில் எண் குறைவாகக் காட்டுகிறதே, சரியாக உழைக்கவில்லையோ என்று கவலைப்பட வேண்டாம்.

நெஞ்சுப் பக்கம் ரத்தம் கூடுவதில் ஒரு பக்க விளைவும் உண்டு. உடம்பில் திரவம் மிகுந்துவிட்டது என்று சிறுநீரகங்கள் நினைத்துக்கொள்கின்றன. குளத்தில் இறங்கிய பத்தாவது நிமிடம் பலருக்கும் அவசரமாக வருவது இதனால்தான். வந்தால் மேலே ஏறிப் போய்விட்டு வாருங்கள். குளத்துக்குள் மூக்கைத் துளைக்கும் அந்த வாடையைக் குளோரின் வாடை என்கிறோம். உண்மையில் குளோரினும் வியர்வையும் சிறுநீரும் சேர்ந்து உருவாகிற குளோரமைன்களின் வாடை அது. கண் எரிவதற்கும் பெரும்பாலும் காரணம் அதுதான். இறங்கும் முன் சோப்பு போட்டுக் குளிக்கச் சொல்வது சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை.

இனி மூச்சுக்கு வருவோம். தொடக்கக்காரர்களின் இரைப்புக்கு முக்கால்வாசிக் காரணம் இங்கேதான் என்பது என் அனுபவம்.

ஓடும்போது மூச்சைப் பற்றி நினைப்பதே இல்லை. தேவைப்படும்போதெல்லாம் இழுக்கிறோம், விடுகிறோம். தண்ணீரில் அந்தச் சுதந்திரம் இல்லை. முகம் வெளியே வரும் அந்த ஒரு நொடிக்குள்தான் இழுக்க வேண்டும். புதியவர் என்ன செய்கிறார்? முகம் உள்ளே போனதும் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். வெளியே வந்ததும், பிடித்த காற்றை விட்டுவிட்டுப் புதுக் காற்றை இழுக்கப் பார்க்கிறார். ஒரு நொடியில் இரண்டு வேலை. இரண்டும் அரைகுறையாக முடிகின்றன. பழைய காற்று உள்ளேயே தங்குகிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகிறது. மூச்சு முட்டுகிற உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் இந்தக் கார்பன் டை ஆக்சைடுதான், ஆக்ஸிஜன் குறைவு அல்ல. அதாவது காற்று போதவில்லை என்று தவிக்கும்போது உங்கள் பிரச்சினை காற்றை உள்ளே இழுக்காதது இல்லை, வெளியே விடாதது. அது புரியாமல் இன்னும் இன்னும் இழுக்கப் பார்த்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

ஆகவே முதல் பாடம் நீந்துவது அல்ல, தண்ணீருக்குள் மூச்சு விடுவது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் காற்றை இழுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயை மூடி 'ம்ம்ம்' என்று மூக்கால் முனகுங்கள். முனகும் வரை மூக்கில் தண்ணீர் ஏறாது. காகிள்ஸ் வழியாகக் குமிழிகளைக் கவனியுங்கள். முதலில் ஒரு கொத்தாகப் புஸ்ஸென்று வந்து, பிறகு ஒன்றுமே வராமல் நின்றால், நடுவில் மூச்சைப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். குமிழிகள் நூல் பிடித்தாற்போல வந்துகொண்டே இருக்க வேண்டும். தீரும் தறுவாயில் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்புங்கள். ஒரு காது தலையணையில் படிந்திருப்பதுபோலத் தண்ணீரிலேயே இருக்கட்டும், ஒரு கண் தண்ணீருக்குள்ளும் ஒரு கண் வெளியேயும். வாயால் இழுங்கள், மறுபடி உள்ளே, மறுபடி 'ம்ம்ம்'. பத்துத் தடவை சிரமமில்லாமல் வந்தால், கிக் போர்டை, அதாவது மிதக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு, காலை லேசாக அடித்தபடி இதையே செய்து பாருங்கள்.

நான் இரண்டு வாரம் இதை மட்டுமே செய்தேன். பார்க்கிறவர்களுக்குச் சுவரோடு ஏதோ ரகசியம் பேசுகிறவன்போலத் தெரிந்திருக்கும். ஆனால் மூன்றாவது வாரம் அதே 25 மீட்டரை முடித்தபோது சுவரைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் என் இதயமும் நுரையீரலும் பெரிதாக மாறியிருக்காது. மாறியது மூச்சு விடுகிற விதம் ஒன்றுதான்.

மூன்று கை வீச்சுக்கு ஒரு மூச்சு, இரண்டு பக்கமும் மாறி மாறி என்று சிலர் சொல்லித் தருவார்கள். அது அழகுதான், ஆனால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வீச்சுக்கு ஒரு தடவை, உங்களுக்கு வசதியான பக்கமே இழுங்கள்.

அடுத்த எதிரி கால். நுரையீரல் காற்று நிரம்பிய பை, அது மிதக்கும். கால்கள் தசையும் எலும்பும், அவை மூழ்கும். கால் மூழ்கினால் உடம்பு சாய்ந்துபோய், முழு மார்பையும் தண்ணீருக்கு எதிரே காட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். மூழ்குகிறதே என்று பயந்து காலைப் படபடவென்று அடித்தால் இன்னும் மோசம். உடம்பின் மிகப் பெரிய தசைகளில் சில தொடையில்தான் இருக்கின்றன. அவை ஆக்ஸிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும். ஆனால் ஃப்ரீஸ்டைலில் முன்னே தள்ளும் விசையில் பெரும்பகுதி கைகளிலிருந்துதான் வருகிறது. வைத்தியம் எளிது: முன்னால் பார்க்காதீர்கள், குளத்தின் தரையைப் பாருங்கள். தலை தாழ்ந்தால் இடுப்பு தானாக மேலே வரும். காலை லேசாக, இடுப்பிலிருந்து, நுரை கிளப்பாமல் அடித்தால் போதும்.

இப்போது பயிற்சித் திட்டம். எப்படியோ ஒரு லேப், அதாவது இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, போகத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஐந்து நிமிடம் தண்ணீரில் நடந்து, தோளைச் சுழற்றி, மூச்சுப் பயிற்சி. பிறகு ஒரு லேப், உங்களால் முடிந்த மிக மெதுவான வேகத்தில். முடிந்ததும் சுவரில் நின்று மூச்சு அடங்கும் வரை ஓய்வு. கடிகாரம் பார்க்க வேண்டாம், ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்த லேப். முதல் வாரம் ஆறு அல்லது எட்டு லேப் போதும். நடுவில் நிற்கிறோமே, இது ஏரோபிக் ஆகுமா என்று கேட்கலாம். ஓய்வு நீண்டு துடிப்பு முழுவதும் இறங்கிவிடாத வரை ஆகும்.

அடுத்தடுத்த வாரங்களில் வேகத்தைத் தொடாதீர்கள். முதலில் ஓய்வைக் குறையுங்கள். ஒரு நிமிடம் நின்ற இடத்தில் நாற்பது நொடி, பிறகு இருபது. பிறகு இரண்டு லேப் சேர்த்துப் போய் ஓய்வு. ஒரு நாள் நான்கு சேர்ந்தால் அதுவே 100 மீட்டர். ஒரு மாதத்துக்குப் பிறகு ஓய்வையும் சேர்த்து 20 முதல் 30 நிமிடம் தண்ணீரில் அசைந்துகொண்டே இருக்க முடிந்தால் நல்ல முன்னேற்றம். சிலருக்கு இரண்டு மாதம் ஆகும். ஆகட்டும்.

கை ஓய்ந்துபோனால் பேக் ஸ்ட்ரோக்கில் மல்லாந்து வாருங்கள். முகம் வெளியே இருப்பதால் மூச்சுப் பிரச்சினையே இல்லை. தவளை நீச்சலும் தொடக்கக்காரர்களுக்கு இதமானது, ஒவ்வொரு வீச்சிலும் தலை வெளியே வந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் அந்தக் கால் உதையைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

கடப்பாரை நீச்சல்தான் தெரியும் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. நெஞ்சளவு தண்ணீரில் கைகளை வீசி விறுவிறுவென்று நடப்பது நல்ல ஏரோபிக் பயிற்சி. தண்ணீரின் எதிர்ப்பு வேலையைக் கொடுத்துவிடும். அதைச் செய்துகொண்டே ஒரு பயிற்சியாளரிடம் நீச்சல் கற்றுக்கொள்ளலாம்.

சரியான அளவில் உழைக்கிறோமா என்று அறிய விரும்பினால், லேப் முடிந்ததும் கழுத்தில் விரல் வைத்துப் பத்து நொடி நாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். அதில் 64 முதல் 76 சதவீதம் மிதமான பயிற்சி. 40 வயதுக்காரருக்குத் தரையில் 115 முதல் 137. தண்ணீரில் இதிலிருந்து ஒரு பத்தைக் கழித்துக்கொள்ளலாம். வயதுக் கணக்கு ஆளுக்கு ஆள் நன்றாகவே மாறும், எனவே எண்ணைவிட அந்த ஒரு வாக்கியச் சோதனையையே நான் நம்புகிறேன்.

நீச்சல் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இல்லை. எலும்பு வலுப்பெற அதன்மேல் கனம் இறங்க வேண்டும். தண்ணீர் அந்தக் கனத்தைத்தான் எடுத்துவிடுகிறதே. மூட்டுக்கு நல்லதான அதே காரணம் எலும்புக்குக் குறையாகிவிடுகிறது. எனவே வாரத்தில் இரண்டு நாள் நடையோ எடைப் பயிற்சியோ சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் எடையைக் குறைக்க வந்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: குளிர்ந்த தண்ணீரில் நீந்திவிட்டு வந்தால் பசி பிடுங்கும். நீந்திச் செலவழித்ததை ஒரே உட்காரலில் திருப்பி ஏற்றிக்கொள்வது மிக எளிது. தாகம் மட்டும் தெரியாது. தண்ணீருக்குள் வியர்ப்பது கண்ணில் படாததால் வியர்க்கவே இல்லை என்று நினைப்போம். குளத்தோரம் ஒரு குடிநீர் பாட்டில் இருக்கட்டும்.

பாதுகாப்பில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தனியாக நீந்தாதீர்கள். நிலை கொள்ளாத இடத்தில் காலை விட்டு ஆழம் பார்க்காதீர்கள். இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா போன்றவை இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். இன்னொன்று, நன்றாக நீந்துகிறவர்களையே காவு வாங்கிய தவறு: வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கிவிட்டு, எவ்வளவு தூரம் தண்ணீருக்குள்ளேயே போக முடியும் என்று பார்ப்பது. அப்படி மூச்சு வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகிறது. மூச்சு முட்டுகிற எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆக்ஸிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். யார் பந்தயம் கட்டினாலும் இதைச் செய்யாதீர்கள்.

முடிக்கும்போது சட்டென்று ஏறிவிடக் கூடாது. கடைசி இரண்டு லேப் இன்னும் மெதுவாகப் போங்கள், அல்லது சும்மா நடங்கள். ஏணியில் கால் வைத்ததும் உடம்பு ஒரு மூட்டை கனம் கனக்கும். அவ்வளவு நேரம் தண்ணீர் சுமந்த எடை உங்களிடமே திரும்பி வருகிறது. கால்களை அழுத்திக்கொண்டிருந்த தண்ணீரும் விலகுவதால் ரத்தம் கீழே இறங்கி, லேசாகத் தலை சுற்றலாம். குளத்தின் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்துவிட்டு, அப்புறம் எழுந்திருங்கள்.